மகாவலிக் கரையில் விழாத எதிரி

கடல் இல்லாத மாவட்டத்தில் கடல்வழியாகத் தரையிறங்கும் படை எதற்கு என்று கேட்பவர்கள் உலக நிலைமை தெரியாதவர்கள். இன்றைக்கு எந்த நாட்டில் எப்போது சண்டை மூளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூண்ட பிறகு கடலைத் தேடி அலைய முடியாது. அதனால்தான் கம்பளையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், மலைநாட்டு ஈரூடகத் தயார்நிலைச் சபை தொடங்கப்பட்டது. ஈரூடகம் என்றால் தண்ணீரிலிருந்து ஏறி வந்து தரையில் சண்டை போடுவது.

சபையின் பணிப்பாளர் நாயகம் வீரசிங்கம் முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நடத்தி மூடியவர். உலகத்தில் நடக்கும் எல்லாச் சண்டைகளையும் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்தவர். படகில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். ஆகவே கரையில் நின்றுதான் கட்டளையிடுவார்.

சபை தேயிலைத் தோட்டத்து இளைஞர்களைப் பயிற்றி நட்பு நாட்டுக்கு அனுப்பியது. நட்பு நாடு எது என்பது இரகசியம். அங்கே ஒரு பெரிய ஆறு இருக்கிறது, அக்கரையில் எதிரி இருக்கிறான், இக்கரையிலிருந்து படகில் போய் இறங்க வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் திட்டு வாங்கி வாங்கி அலுத்துப்போன பையன்களுக்கு அது போதுமாக இருந்தது.

முதல் தொகுதியில் போன சுதேஷ் ஒரு பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சபை சொன்னது. அவனுடைய அம்மா ரத்தினம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து ஆணிகளை நெம்பித் திறந்தாள். உள்ளே மஞ்சள் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரன் படுத்திருந்தான். அவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

வீரசிங்கம் மரண வீட்டுக்கு நேரில் வந்து பேசினார்.

"தாயே, கவலப்பட வேணாம். ரெண்டு நட்பு நாடும் இப்ப வீரர்கள மாத்திக்கொள்ளுற அளவுக்கு நெருங்கியிருக்கு. உங்கட மகன் அங்க ஒரு குடும்பத்துக்கு மகனாப் போயிருக்கார். பெட்டி சொன்ன திகதிக்கே வந்து சேந்துது பாருங்க. இதத்தான் நாங்க தயார்நிலை எண்டு சொல்றது."

ரத்தினம்மா பெட்டிக்குள் இருந்தவனும் யாரோ ஒருத்தியின் பிள்ளைதானே என்று சொல்லி அடக்கம் செய்தாள். முப்பதாம் நாள் படையலும் வைத்தாள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் சுதேஷுக்குப் பிடித்ததையே வைத்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சுந்தரலிங்கம் அந்தப் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற கூத்து மாஸ்டரும் அவர்தான். அவருடைய ஒரே மகன் திவாகரன் இரண்டாவது தொகுதியில் சேர்ந்திருந்தான். பெட்டியின் கனம் தோளிலிருந்து இறங்குவதற்கு முன்பே சுந்தரலிங்கம் கம்பளைக்கு பஸ் ஏறிவிட்டார்.

"ஐயா, என் மகன விட்டுருங்க. தெரியாம சேந்துட்டான்."

வீரசிங்கம் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சுந்தரலிங்கம், நீங்க நாட்டுக்குக் குடுத்தத நாட்டுக்கிட்டயே திருப்பிக் கேக்கிறீங்க. நான் என்ட மகனயும் குடுத்திருப்பன். அவர் மெல்பனில படிக்கிறார், தூரமாப் போச்சு. சபைச் சட்டம் தெளிவு. உடம்பு தகுதியில்லாதவர மட்டுந்தான் நாங்க அனுப்ப மாட்டம்."

படி இறங்கும்போது பயிற்றுவிப்பாளர் பாரூக் எதிரில் வந்தார். பாரூக் கெலிஓயாக்காரர். ஒரு ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் வேலை பார்த்தவர். சபையில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"நானா, ஒடம்பு தகுதியில்லன்னா என்னாங்க? காய்ச்சல் வந்தா விட்டுருவாங்களா?"

"காய்ச்சலோட ரெண்டு பேர் போயீக்கிறாங்க."

"பைத்தியம்னு சொன்னா?"

"அதுக்குத் தனியா ஒரு பதக்கம் ஈக்கி."

"பல்லு, கண்ணு?"

"பயிற்சியிலயே பாதிப் பேருக்குப் பல்லு போயிட்டு அண்ணே. கண்ணு ஒண்டு ஈந்தா போதும் எண்டு செல்றாங்க. குறி பாக்க ஒண்டத்தானே மூடோணும்." பாரூக் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கால் முறிஞ்சா மட்டும் அனுப்புறல்ல. படகுக்குள்ள நீட்டி வெக்க எடமில்ல."

திவாகரனிடம் பேசிப் பார்த்ததும் பலனில்லை. "சுதேஷ் வேற, நான் வேற. இங்கன இருந்து என்னா செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவன் சப்பாத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தான். அவனிடம் அந்த ஒரு சோடி சப்பாத்துத்தான் புதியது.

இந்த நேரத்தில் சபைக்கு ஒரு சிக்கல் வந்தது. நட்பு நாட்டிலிருந்து ஒரு படை அதிகாரி வருகிறார். அவருக்கு முன்னால் மகாவலி ஆற்றில் ஒரு தரையிறக்கத்தை நடத்திக் காட்ட வேண்டும். அடுத்த வாரமே இரண்டாவது தொகுதி விமானம் ஏற வேண்டும். படகு இருந்தது, படை இருந்தது, எதிரி இல்லை. கூலிக்கு எதிரியாக வந்த கம்பளைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள் முதல் ஒத்திகையிலேயே படையைப் பிடித்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். படைவீரர் ஒருவர், ஆறு கண்டிக்குப் போகும் வழியில், பேராதனைப் பாலத்துக்குக் கீழே பிணமாகக் கிடைத்தார். எங்கள் படையில் கண்டிப் பக்கம் முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான் என்று வீரசிங்கம் இரங்கல் உரையில் பாராட்டினார்.

தோற்கத் தெரிந்த எதிரி வேண்டும். அப்போது யாரோ படுகளத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

தோட்டத்துக் கூத்தில் படுகளம் என்று ஒரு கட்டம் உண்டு. சண்டை முற்றும்போது உடுக்கை ஒரு அடி மாறும். அந்த அடியில் எல்லா வீரர்களும் அப்படியே சாய்வார்கள். விழுந்தவர் செத்தவர். கண் திறக்கக்கூடாது, எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது. உடுக்கைக்காரர் எழுப்புதல் பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்த பிறகுதான் உயிர் வரும். பாட்டுக்கு முன்னால் எழுந்தவன் வீட்டில் நிஜமாகவே சாவு விழும் என்பது நம்பிக்கை. அதனால் யாரும் எழுவதில்லை.

வீரசிங்கம் தொழிற்சாலைக்கே காரில் வந்து, கூத்துக்காரர்களை எதிரியாக நிற்கக் கேட்டார். சுந்தரலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். திவாகரனின் படகு வந்து இறங்கப் போகிற மணலில் நிற்கப்போவது எதிரி. எதிரியின் கையில் தடி இருக்கும். எதிரி அடித்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பெற்ற மகனின் காலை முறிக்க ஒரு அப்பாவுக்கு இதைவிட மரியாதையான இடம் கிடைக்காது.

"செய்றோங்க ஐயா," என்றார்.

வீட்டில் அவர் மனைவி கலாராணி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தக் காலு?"

"இடது. வலதுலதான பந்து அடிப்பான்."

"முட்டிக்குக் கீழ அடிங்க. முட்டி போனா அப்புறம் வாராது." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஒரே அடியா அடிச்சிருங்க. ரெண்டாவது அடி ஒங்களால முடியாது."

ஒத்திகை தொடங்கியது. எதிரிகளுக்கு மம்பட்டிப் பிடிகளில் கறுப்புப் பூசித் துப்பாக்கி என்று கொடுத்தார்கள். கூத்துக்காரர்கள் சாகிற அழகைப் பார்த்து முதல் நாளே கரையில் நின்ற பெண்கள் அழுதார்கள். இரண்டாம் நாள் படைவீரர்களே படகை மறந்து அவர்களைப் பார்த்ததில் ஒரு படகு பாறையில் ஏறி மூன்று பேருக்கு மூக்கு உடைந்தது. வீரசிங்கத்துக்குக் கோபம் வந்தது.

"எதிரிக்கு இவ்வளவு நல்ல சாவு தேவையில்ல. சும்மா விழுந்தாப் போதும். அனுதாபம் எங்கட பக்கம் இருக்கோணும்."

"கூத்துல சும்மா சாகுறது இல்லைங்க ஐயா," என்றார் சுந்தரலிங்கம்.

அதைவிடப் பெரிய தகராறு வேறொன்று. எல்லா எதிரிகளும் விழுந்த பிறகு சுந்தரலிங்கம் மட்டும் உடுக்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க ஏன் விழல்ல?"

"நான் விழக்கூடாதுங்க. நான் விழுந்தா இவனுங்கள எழுப்ப ஆள் இல்ல. இப்படியேதான் கெடப்பானுங்க."

"எதிரித் தளபதி நிண்டுகொண்டிருந்தா அது வெற்றியா? அறிக்கையில நான் என்ன எழுதுறது? எதிரிகள் எல்லாரும் ஒழிந்தார்கள், ஒருவர் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் எண்டா?"

"அது வழக்கமுங்க."

"விழா அண்டைக்கு நாங்க விழுத்திக் காட்டுறம்," என்றார் வீரசிங்கம்.

அந்த நாள் வந்தது. ஆற்றங்கரையில் பந்தல் போட்டு, நட்பு நாட்டு அதிகாரியை நடுவில் உட்கார வைத்து, இளநீர் கொடுத்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வெயிலில் கொடி பிடித்து நின்றார்கள். வீரசிங்கம் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இண்டைக்கு உலகம் பற்றி எரியுது. பெரிய நாடுகள் சின்ன நாடுகளக் குண்டு போட்டுக் கொல்லுது. இதையெல்லாம் பாத்துக்கொண்டு நாங்க சும்மா இருக்க ஏலுமா? நாங்களும் ஏதாவது ஒரு பக்கத்துக்கு ஆள் அனுப்பத்தானே வேணும். எந்தப் பக்கம் எண்டது முக்கியமில்ல. தயாரா இருக்கிறம் எண்டதுதான் முக்கியம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மேலே மழை பெய்திருந்ததால் ஆறு செம்மண் நிறத்தில் பெருகி ஓடியது. தள்ளிப் போடலாமா என்று பாரூக் கேட்டார். தண்ணீர் அதிகமாக இருந்தால் ஈரூடகத்தில் ஒரு ஊடகம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வீரசிங்கம் சொல்லிவிட்டார்.

வெடிகள் வெடித்தன. புகைக்குண்டு ஒன்று மேடைப்பக்கம் சாய்ந்து, வரவேற்பு நடனத்துக்கு வந்தவர்களின் பாவாடையில் தீப்பிடித்தது. அவர்கள் ஆற்றுக்குள் குதித்தார்கள். முதல் படகு சுழலில் அகப்பட்டுக் கவிழ்ந்தது. பாரூக் சட்டையோடு பாய்ந்து தலைமயிரைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். இரண்டாவது படகு அவர்கள் மேலேயே ஏறி வந்தது. ஒருவனின் கை மோட்டார் விசிறிக்குள் போய் விரல்கள் இல்லாமல் வெளியே வந்தது. தரையிறக்கம் வெற்றிகரமாக ஆரம்பமாகியிருக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது.

சுந்தரலிங்கம் உடுக்கையின் அடியை மாற்றினார். எதிரிகள் எல்லாரும் சாய்ந்தார்கள்.

வெற்று வேட்டுகளோடு நிஜத் தோட்டாக்களும் கலந்திருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. களஞ்சியத்தில் இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தனவாம். ஆற்றோரம் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று கழுத்தில் குண்டு பட்டு முன்னங்கால் மடித்து விழுந்தது. விழுந்து கிடந்த கூத்துக்காரர் ஒருவரின் தோளில் இன்னொரு குண்டு பாய்ந்தது. மணல் சிவந்து, ஈரம் பரவியது. அவர் அசையவில்லை, கத்தவுமில்லை. செத்தவர் கத்தக்கூடாது. அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

கரையேறிய படை நின்றுகொண்டிருந்த ஒரே எதிரியைச் சூழ்ந்தது.

"எதிரித் தளபதி இன்னும் விழவில்லை," என்றது ஒலிபெருக்கி. "தயவுசெய்து விழவும்."

சுந்தரலிங்கம் விழவில்லை. உடுக்கையை இடுப்பில் செருகிக்கொண்டு மம்பட்டிப் பிடியைக் கையில் எடுத்தார். கடைசிப் படகு இன்னும் வந்து சேரவில்லை. திவாகரன் அதில்தான் இருந்தான்.

"விழுத்துங்கள்," என்று ஒலிபெருக்கி படைக்குக் கட்டளையிட்டது.

முதலில் துடுப்பால் முதுகில் அடித்தார்கள். அந்தப் பையன்களை அவருக்குத் தெரியும். அவரிடம் கூத்துப் பழக வந்து ஓடிப்போனவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். "மாஸ்டர், வுழுந்துருங்க மாஸ்டர். எங்களத்தான் ஏசுவாங்க," என்று கெஞ்சிக்கொண்டே அடித்தார்கள். பிறகு துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தார்கள். உதடு கிழிந்தது. காதிலிருந்து இரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. முழங்கால் மண்ணைத் தொடப்போகும்போதெல்லாம் பிடியை ஊன்றி எழுந்தார். நட்பு நாட்டு அதிகாரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசிப் படகு மணலில் மோதியது. திவாகரன் தண்ணீருக்குள் குதித்து ஓடி வந்தான்.

"வுடுங்கடா. எங்க அப்பாடா அது. வுடுங்கடா."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் துப்பாக்கியைத் தூரப் போட்டுவிட்டு, அடிக்கிறவர்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றான். அப்பாவுக்கு முதுகைக் காட்டி, இடது காலை ஊன்றி நின்றான்.

சுந்தரலிங்கத்துக்கு இதைவிடச் சரியான நேரம் இனி வராது. இரண்டு கையாலும் பிடியை ஓங்கி, முட்டிக்குக் கீழே, ஒரே அடியாக அடித்தார்.

விறகு முறிகிற சத்தம் மேடைவரை கேட்டது. திவாகரன் மணலில் புரண்டு, "அப்பா, அப்பா" என்று கதறினான். அடித்தவரைத்தான் கூப்பிடுகிறான் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. அடித்துக்கொண்டிருந்த பையன்கள் பின்வாங்கினார்கள். ஒருவன் வாந்தியெடுத்தான். நட்பு நாட்டு அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

சுந்தரலிங்கம் மகனிடம் குனியப் போனவர் நின்றார். பின்னால் பதினைந்து இருபது பேர் செத்துக் கிடந்தார்கள். ஒருவரின் தோளிலிருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சுந்தரலிங்கம் பாடாமல் யாரும் எழமாட்டார்கள். வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு உடுக்கையை எடுத்தார். மகன் காலடியில் கதற, அவர் எழுப்புதல் பாட்டைப் பாடினார். உதடு கிழிந்திருந்ததால் சொற்கள் சரியாக வரவில்லை. ஆனாலும் ஒரு வரியையும் விடவில்லை. ஆற்றுத் தண்ணீரைத் தெளித்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். குண்டு பட்டவரும் எழுந்து, தோளைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே மயங்கி விழுந்தார்.

"கலை நிகழ்ச்சியோடு விழா இனிதே நிறைவடைகிறது," என்றது ஒலிபெருக்கி.

ஆஸ்பத்திரியில் திவாகரனின் காலுக்கு மாக்கட்டுப் போட்டார்கள். எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது, ஆறு மாதமாவது ஆகும் என்று டொக்டர் சொன்னார். கலாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்க்கிறவர்களுக்குத் துக்கமாகத்தான் தெரிந்தது.

"வேணுமின்னேதான அடிச்சீங்க?" என்று திவாகரன் கேட்டான்.

சுந்தரலிங்கத்தின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "ஆமா," என்றார்.

"நான் ஒங்களக் காப்பாத்த வந்தேன்ப்பா."

"தெரியும்."

திவாகரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்று மாலை வீரசிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பாரூக் பின்னால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"திவாகரனுக்குத் தகுதியில்ல எண்டு முடிவாச்சு. வருத்தமான விசயம்," என்றார் வீரசிங்கம். கலாராணி மேலே பார்த்துக் கும்பிட்டாள். "ஆனா படகில ஒரு எடம் காலியா இருந்தா படகு சரியும். அது பௌதிகவியல். அதிகாரி என்ன சொல்லிட்டுப் போனார் தெரியுமா? உங்கட முழுப் படையிலயும் அந்த ஒரு ஆள்தான் தயாரா இருந்தார். அவ்வளவு அடி வாங்கியும் விழல்ல, சொந்த மகன் எண்டும் பாக்கல்ல, ஒரே அடியில முறிச்சார். அந்த ஆளத்தான் அனுப்போணும் எண்டார்."

திவாகரன்தான் முதலில் அசைந்தான். மாக்கட்டுக் காலைக் கட்டிலிலிருந்து இறக்கப் பார்த்தான்.

"நான் போறேன் ஐயா. நொண்டிக்கிட்டே போறேன்."

"நொண்டுறவர அனுப்பினா சபைக்கு அவமானம் தம்பி."

"எங்கூட்டுக்காரரு ஏன் போகணும்?" என்றாள் கலாராணி. "இந்த மனுசனுக்கு நீந்தவே தெரியாதுங்க."

"முதல் தொகுதியில யாருக்கும் தெரியாதம்மா. யாரும் தண்ணீல சாகல்ல. எல்லாரும் சுடுபட்டுத்தான். வேணுமெண்டா ஒண்டு செய்யலாம். எடத்த இந்த வீட்டுக்கே வச்சிருக்கிறம். ஆறு மாசத்தில கால் பொருந்தினதும் தம்பி போகட்டும்."

சுந்தரலிங்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போனா இவன் பேரு போயிருமா ஐயா? கால் நல்லானாலும் கூப்புட மாட்டீங்களே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு எடந்தான். சபைச் சட்டம்."

"அப்ப சரிங்க."

"என்னாங்க," என்று கலாராணி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

வீரசிங்கம் பாரூக்கைப் பார்த்துத் தலையசைத்தார். பாரூக் பையிலிருந்து ஒரு மிதவை அங்கியை எடுத்தார். அது திவாகரனின் அளவுக்குத் தைத்தது. சுந்தரலிங்கத்தின் நெஞ்சில் அது பூட்டவில்லை. அடிபட்ட விலா வீங்கியிருந்தது.

"அண்ணே," என்றார் பாரூக். கொக்கியை இழுத்துப் பிடித்தார். "மூச்ச வெளிய விடுங்க. இன்னுங் கொஞ்சம்."

சுந்தரலிங்கம் சுவர்ப்பக்கம் பார்த்தார். திவாகரன் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். கால் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே நல்ல தடிப்பாக, வெள்ளையாக, எங்கேயும் போக முடியாதபடி கட்டியிருந்தார்கள்.

சுந்தரலிங்கம் மூச்சை முழுவதும் வெளியே விட்டார். கொக்கி பூட்டியது.